பனிமயம் சொன்ன சொல்

திரையில் அந்த வரி வந்தபோது காலை ஒன்பது இருபது. டீக் கோப்பையைக் கீழே வைக்கப் போன ஜெனோவாவின் கை பாதியில் நின்றது.

'பனிமயம் வருகிறது. வடக்கு வாசல் திறந்திருக்கிறது.'

காதில் மாட்டியிருந்த கருவியை இறுக்கிக்கொண்டு, அந்தப் பேச்சை மறுபடி ஓடவிட்டாள். முதலில் காற்றின் இரைச்சல். பிறகு ரெமியின் குரல். ரெமிஜியுஸ், அவள் கணவனின் தம்பி, நீரிணை வாசலில் வழி பார்க்கப் போயிருந்த பனிமயம் என்ற காவல் கப்பலில் ரேடியோக்காரன். அவனோடு சேர்த்து அந்தக் கப்பலில் நாற்பத்து மூன்று பேர்.

"பனிமயம் பேசுதேன். வடக்கு வாசல்கிட்ட நிக்கோம். சரி... அப்ப நாங்க வாறோம். வீட்ல எல்லாரையும் கேட்டதாச் சொல்லுங்க."

அவ்வளவுதான். இன்னொரு முறை ஓடவிட்டாள். கோப்பை அவள் கையிலேயே ஆறிப்போனது.

போர் தொடங்கி நான்கு வருடம் ஆகியிருந்தது. உலகத்தில் பாதி ஒரு பக்கம், பாதி மறுபக்கம். போன மாதம் இரண்டு பக்கமும் மாறி மாறி எதிரியின் செயற்கைக்கோள்களைச் சுட்டு வீழ்த்தியதில் எல்லாருக்கும் கண் போய்விட்டது. மிச்சம் இருந்தது காது மட்டும். தூத்துக்குடித் துறைமுகத்தில் ஜெனோவா வேலை பார்த்த கட்டிடத்துக்கு அரசாங்கம் வைத்த பெயர் நீளமானது. ஊரார் வைத்த பெயர் காது ஆபீஸ்.

அந்தக் காதின் பெயர் செவி. கடலில் யார் எந்த மொழியில் பேசினாலும் கேட்டு, எந்தக் கப்பல் அடுத்த ஆறு மணி நேரத்தில் எங்கே இருக்கும் என்று கணித்துச் சொல்லும் எந்திரம். செவி சொன்னதை ஒரு மனிதர் சரிபார்க்க வேண்டும். தமிழ்ப் பேச்சுக்கு அந்த மனிதர் ஜெனோவா. தப்பு என்று தோன்றினால் பதினோரு நிமிடத்துக்குள் கட்டைவிரலைக் கண்ணாடித் தட்டில் வைத்துத் திருத்தம் போடலாம். பதினோரு நிமிடம் போய்விட்டால் செவி சொன்னதே முடிவு.

ஜெனோவா எழுந்து கமாண்டர் குலசேகரனின் மேஜைக்கு ஓடினாள்.

"சார், இது தப்பு. பனிமயம் வரல."

"வருதுன்னு போட்டிருக்கே?"

"வாறோம்னா வாறோம் இல்ல சார். நீங்க வீட்லேர்ந்து கிளம்பும்போது என்ன சொல்லுவீங்க?"

குலசேகரன் பேனாவைக் கீழே வைத்தார். அவர் சிவகாசிக்காரர். விளக்கம் தேவைப்படவில்லை. முகம் மட்டும் மாறியது.

"விடை சொல்றாங்களா?"

"ஆமா சார். அடி பட்டிருக்கு. கண்ணிவெடியா இருக்கும். அடி பட்டதை ரேடியோவுல சொல்லக் கூடாதுல்ல, அதான் இப்படிச் சொல்லுதான். அவன் அண்ணன்கிட்டச் சொல்லிட்டுப் போற மாதிரி சொல்லுதான்."

"செவி எப்படி இதைக் கோட்டை விட்டுச்சு?"

ஜெனோவாவுக்குத் தெரியும். செவிக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த பன்னிரண்டு பேரில் அவளும் ஒருத்தி. போர் தொடங்கிய வருடம், ஒரு கல்யாண மண்டபத்தில் வரிசையாக உட்காரவைத்து, நாளைக்கு ஆயிரம் வாக்கியம் என்று அடையாளம் போடச் சொன்னார்கள். வாறேன், வருகிறேன், வரேன், எல்லாவற்றுக்கும் ஒரே அடையாளம்: வருகை. 'இதை நம்பி உட்கார்ந்தா, கிளம்பிப் போறவனுக்கெல்லாம் இலை போட்டு வச்சிட்டுக் காத்துக்கிட்டிருக்கும்' என்று பக்கத்தில் இருந்த பெண் சொல்ல, மண்டபமே சிரித்தது. ஜெனோவாவும் சிரித்தாள். கப்பல்கள் எங்கே இருக்கின்றன என்று கண்ணால் பார்க்க முடிந்த வரையில் அந்தத் தப்பு யாருக்கும் உறுத்தவில்லை.

"திருத்தம் போடுதேன் சார். மீட்புக் கப்பல் அனுப்புங்க. ரெண்டு மணி நேரத்துல போயிரலாம்."

"இரும்மா."

"நேரம் ஓடுது சார்."

"இருன்னு சொல்றேன்ல." குலசேகரன் எழுந்து சுவர்ப் பக்கம் நடந்தார். அங்கே ஒரு பெரிய எண் சிவப்பில் எரிந்துகொண்டிருந்தது. 29. அதைச் சாய்வு என்பார்கள். போர் ஆரம்பித்த அன்று அது ஐம்பது. நம் பக்கம் ஜெயிக்க நூற்றுக்கு எத்தனை வாய்ப்பு என்று செவி கணித்துச் சொல்லும் எண். ஆமைத்தீவு, நீலத்திட்டு, கருங்கல் முனை என்று அடுத்தடுத்து மூன்று கடற்போர்களில் தோற்றுத்தான் அது இருபத்தொன்பதுக்கு வந்திருந்தது.

"ஒரு சண்டையில தோத்தா கப்பல் மட்டும் போறதில்ல ஜெனோவா," என்றார். "மறுநாள் மூணு துறைமுகம் நமக்கு எண்ணெய் தர மாட்டேங்குது. நடுநிலைன்னு சொன்னவன் அந்தப் பக்கம் போய் நிக்கிறான். நம்ம பசங்களே 'இனி எதுக்கு'ன்னு யோசிக்கிறாங்க. அதனாலயே அடுத்த சண்டையும் போகுது. கயிறு இழுக்கும்போது பார்த்திருக்கியா? ஒருத்தன் கால் வழுக்கினா, பின்னால நிக்கிற அத்தனை பேரும் சரியுறான்."

"இதுக்கும் ரெமிக்கும் என்ன சார்?"

"நீரிணைக்கு ரெண்டு வாசல். அறுபது கப்பல் கோதுமையும் எண்ணெயும் வெளியே காத்திருக்கு. எல்லாமே ஆளில்லாக் கப்பல். உள்ளே போயிட்டா ஆறு நகரம் பிழைக்கும். எதிரியோட பெரும்படை நடுவுல நிக்குது, எந்த வாசல் பக்கம் ஓடறதுன்னு தெரியாம." அவர் குரலைத் தாழ்த்தினார். "உனக்குத் தெரியாத ஒண்ணு சொல்றேன். செவியை ரெண்டு வருஷம் முன்னாடியே திருடிட்டாங்க. முழுசா, அகராதியோட. அவங்க காதும் நம்ம காதும் ஒண்ணு. இப்போ அவங்க திரையிலயும் 'பனிமயம் வருகிறது, வடக்கு வாசல் திறந்திருக்கிறது'ன்னுதான் ஓடிட்டிருக்கும்."

ஜெனோவாவுக்குப் புரிந்தது. புரியாமல் இருந்திருக்கக் கூடாதா என்று இருந்தது.

"நம்ம அறுபதும் அந்த வழியா வரும்னு நம்பி அவங்க வடக்கே போவாங்க," என்றார் குலசேகரன். "நான் ஒரே ஒரு சங்கேத எண் அனுப்பினா நம்ம அறுபதும் தெற்கு வாசல் வழியா நுழைஞ்சுரும். நீ திருத்தம் போட்டா அது எல்லா நிலையத்துக்கும் போகும். அவங்களும் கேட்பாங்க. மீட்புக் கப்பல் கிளம்பினாலே தெரிஞ்சுரும். அதோட முடிஞ்சுது."

"அப்ப போடாதன்னு உத்தரவு போடுங்க."

குலசேகரன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "அந்தத் தட்டு உன் விரலுக்குத்தான் வேலை செய்யும்மா. நான் வராந்தாவுல நிக்கிறேன்."

கதவு சாத்திக்கொண்டது. அந்த மனிதர் அன்றைக்குச் செய்ததிலேயே கோழைத்தனமான காரியம் அதுதான் என்று ஜெனோவா பின்னால் பல தடவை நினைத்திருக்கிறாள். அதைச் சொல்லத் தனக்கு யோக்கியதை இல்லை என்றும் நினைத்திருக்கிறாள்.

நான்கு நிமிடம் இருந்தது.

போன தடவை லீவில் வந்தபோது ரெமி அடுப்படி வாசலில் நின்று கேலி பண்ணியது நினைவுக்கு வந்தது. 'அண்ணி, நான் நடுக்கடல்ல தும்மினாக்கூட உங்க காதுல விழுமாமே? அப்ப இனிமே உங்க மீன் குழம்பைப் பத்தி யார்ட்டயும் பேச முடியாது.' இன்றைக்கு ரேடியோவில் அவன் காற்றைப் பார்த்துப் பேசவில்லை. ஒரு ஆளைப் பார்த்துத்தான் பேசியிருக்கிறான். அண்ணி கேட்பாள், அண்ணிக்குப் புரியும் என்று.

கட்டைவிரலைத் தட்டுக்கு மேலே கொண்டுபோனாள். ஆறு நகரங்கள். அதில் ஒன்றில் மூன்று வாரமாகக் குழந்தைகளுக்குப் பால் இல்லை என்று நேற்றுத்தான் செய்தி கேட்டிருந்தாள். விரலுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஒரு நெல் நுழையும் இடைவெளிதான் இருந்தது. அந்த இடைவெளியிலேயே விரல் நின்றது. நேரம் போனது.

'திருத்தம் இல்லை. உறுதி' என்றது செவி.

பிறகு நடந்தது எல்லாம் வேகமாக நடந்தது. எதிரியின் பெரிய கப்பல்கள் நான்கு வடக்கே விரைந்தன. அறுபது கப்பல்கள் தெற்கு வாசல் வழியாக நுழைந்தன. மத்தியானம் நம் விமானங்கள் போய், வடக்கேயிருந்து திரும்பிக்கொண்டிருந்த நான்கில் இரண்டை மூழ்கடித்தன. சாயங்காலம் சுவரில் எண் 41. மறுவாரம் எண்ணெய் தர மறுத்த துறைமுகங்கள் தாமாகவே கூப்பிட்டுப் பேசின. மாதக் கடைசியில் 58. அதற்குப் பிறகு அந்த எண் இறங்கவே இல்லை. பதினான்கு மாதத்தில் எதிரி வெள்ளைக்கொடி காட்டினான்.

பனிமயம் திரும்பி வரவில்லை.

குலசேகரன் தன் அறிக்கையில் 'ஒலி தெளிவில்லை; சரிபார்ப்பாளரால் பிழையைக் கண்டறிய இயலவில்லை' என்று எழுதினார். ஒரு எந்திரத்தின் முட்டாள்தனத்தால் ஜெயித்த போர் என்று பத்திரிகைகள் கொண்டாடின. பள்ளிக்கூடப் புத்தகத்திலும் ஏறிவிட்டது.

ததேயு, அவள் கணவன், தம்பிக்காகத் திருப்பலி வைத்துவிட்டு வந்த அன்று அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "உனக்குச் சரியாக் கேக்கல. அதுக்கு நீ என்ன செய்வ? கேட்டிருந்தா நீ விட்டிருப்பியாட்டி?" என்றான். அவள் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலை வைத்துக்கொண்டு ஏழு வருடம் குடும்பம் நடத்தினார்கள்.

*

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு அந்தப் பெண் வந்தாள்.

"ஏட்டி ஜெனோ, உன்னப் பாக்க யாரோ வந்திருக்காவ. வெளியூர் மாதிரி இருக்கு," என்று ததேயு உள்ளே குரல் கொடுத்தான்.

ஐம்பது வயது இருக்கும். குட்டையாக வெட்டிய நரைமுடி, தோளில் துணிப்பை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். பேர் தேவானை என்றாள். தெற்கே ஒரு தீவின் பெயரைச் சொன்னாள். ததேயு புருவத்தை உயர்த்தினான். போரில் எதிரிப் பக்கம் இருந்த தீவு அது.

"என் பாட்டன் காலத்தில் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிப் போன குடும்பம்," என்றாள். அவள் தமிழ் எங்கோ ஒரு கோயில் வகுப்பில் கற்றுக்கொண்டது போல நிறுத்தி நிறுத்தி வந்தது. "எங்கள் வீட்டில் தமிழ் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதனால் போரில் எனக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். நீங்கள் செய்த அதே வேலை."

"சரிபார்க்கிற வேலையா?" என்றாள் ஜெனோவா.

"ஆமாம். உங்களிடமிருந்து திருடிய எந்திரம். நான் அதன் பக்கத்தில் இருந்தேன்."

ததேயு வாய்விட்டுச் சிரித்தான். "நல்ல கூத்து! அப்ப நீங்களும் எங்கள மாதிரியே ஏமாந்திய. அந்த எந்திரம் 'வருது, வருது'ன்னுச்சு, உங்க ஆளுங்க வடக்க ஓடிட்டானுவ. இருங்க, எங்கூரு இனிப்பு, மக்ரூன் வாங்கி வச்சிருக்கேன், எடுத்துட்டு வாறேன்."

அவன் உள்ளே போனான். தேவானை அவன் போவதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் திரும்பினாள்.

"நான் ஏமாறவில்லை," என்றாள் மெதுவாக. "என் அப்பா தினமும் தோட்டத்துக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று அதைத்தான் சொல்வார். எனக்கு உடனே புரிந்துவிட்டது. ஆறாவது நிமிடத்தில், எங்கள் தளபதிக்கு மட்டும் போகிற மாதிரி, திருத்தம் போட்டேன். 'வரவில்லை. மூழ்குகிறார்கள். நாற்பத்து மூன்று பேர்' என்று."

ஜெனோவா நிமிர்ந்தாள். "அப்ப எதுக்கு வடக்க போனாவ?"

"காப்பாற்றத்தான்."

வெளியே யாரோ மீன் கூவிக்கொண்டு போனார்கள். அந்தச் சத்தம் தெருக்கோடி வரை போய் அடங்கியது.

"எங்கள் தளபதி சின்ன வயதில் கப்பல் கவிழ்ந்து இரண்டு நாள் கடலில் மிதந்தவர். தண்ணீரில் ஆள் கிடக்கும்போது அவருக்கு வேறு எதுவும் தெரியாது. அதோடு ஒரு கணக்குப் போட்டார். 'அவர்கள் ஆட்கள் அல்லவா, அவர்களும் மீட்க வருவார்கள். அதுவரை சண்டை நடக்காது' என்றார். நான்கு பெரிய கப்பலை அனுப்பினார். தெற்கு வாசல் காலியானது. மற்றது உங்களுக்குத் தெரியும்." தேவானை புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டாள். "அந்தச் சண்டையில் தோற்ற பிறகு எங்கள் அரசாங்கமே அவரைச் சுட்டுவிட்டது. எனக்குப் போர் முடியும்வரை பதினாலு மாதம் ஜெயில். எங்கள் ஊரில் இன்னும் என்னைக் காட்டி, இவள் ஒரு சொல்லால் நாட்டைத் தொலைத்தவள் என்பார்கள். என் பையன் கடைசி மாதத்துக் குண்டுவீச்சில் போனான். அவன் போன பிறகு நானும் சில நாள் அப்படித்தான் நினைத்தேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமே என்று."

"இதெல்லாம் எங்கயும் வரலியே," என்றாள் ஜெனோவா. அவள் குரல் அவளுக்கே யாருடையதோ போல இருந்தது.

"தோற்றவர்கள் காகிதத்தை எல்லாம் ஜெயித்தவர்கள் பூட்டி வைத்துவிட்டார்களே."

"அவங்கள... எடுத்தாவளா? கடல்லருந்து?"

"முப்பத்தெட்டுப் பேரை."

உள்ளேயிருந்து ததேயு தட்டோடு வந்துகொண்டிருந்தான். அந்த எண் காதில் விழுந்து நடுக்கூடத்திலேயே நின்றான்.

"யாரு முப்பத்தெட்டுப் பேரு?"

தேவானை எழுந்து நின்றாள். அவனைப் பார்த்துச் சொன்னாள். "பனிமயத்து ஆட்களை. இருட்டடித்த மாதிரி மழை. படகு எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அவர்களுக்கு எங்கள் மொழியும் தெரியாது. அதனால் என் குரலை ஒலிபெருக்கியில் போட்டார்கள். 'இடது பக்கம் நீந்துங்கள், வெளிச்சத்தைப் பாருங்கள்' என்று நான் கரையிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒவ்வொருவராக ஏறினார்கள். ஏறிய ஒருவர் மைக்கை வாங்கினார்."

"யாரு?" என்றான் ததேயு.

"ரெமிஜியுஸ் என்றார். பல் அடித்துக்கொள்வது எனக்குக் கேட்டது. 'அண்ணியா பேசுதிய?' என்றார்."

ததேயுவின் கையில் தட்டு சாய்ந்தது. ஒரு மக்ரூன் உருண்டு கீழே விழுந்தது. யாரும் குனியவில்லை.

"எனக்கு ஒன்றும் புரியவில்லை. பேசாமல் இருந்தேன். அவர் விடவில்லை. 'நீங்க கேட்டுட்டிருப்பியன்னு எனக்குத் தெரியும் அண்ணி. நீங்கதான அனுப்புனிய?' என்றார். குளிரில் விறைத்த மனிதர். நான் என்ன செய்வேன்? ஆமாம் என்று சொல்லிவிட்டேன்." தேவானை கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. "பக்கத்தில் இருந்தவர்களிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். 'எங்க அண்ணி எதிரிக்காரன்கிட்டயே சண்டை போட்டுக் கப்பல் அனுப்ப வச்சிருக்காவ பாருங்கல' என்று. அதற்குப் பிறகு மூன்று மணி நேரம். அவரும் மற்றவர்களும் இருந்த கப்பல், உங்கள் விமானம் மூழ்கடித்த இரண்டில் ஒன்று. யாரும் மிஞ்சவில்லை."

"உங்கள் பெயரைக் கண்டுபிடிக்க எனக்கு இவ்வளவு வருடம் ஆயிற்று," என்றாள் தேவானை, ஜெனோவாவின் பக்கம் திரும்பி. "உங்கள் அரசாங்கத்தின் அறிக்கையில் ஒலி தெளிவில்லை என்று எழுதியிருக்கிறது. எனக்குத் தெளிவாக இருந்தது. அதே அலைவரிசை, அதே காற்று. அதனால்தான் கேட்க வந்தேன். உங்களுக்கும் புரிந்து, நீங்களும் கப்பல் அனுப்பப் பார்த்து, யாரோ தடுத்திருந்தால், நான் அவரிடம் சொன்னது பொய் இல்லை. பாதியாவது உண்மை. சாகப்போகிற மனிதரிடம் நான் பொய் சொன்னேனா இல்லையா என்று மட்டும் எனக்குத் தெரிந்தால் போதும். வேறு ஒன்றும் வேண்டாம்."

ததேயு மனைவியைப் பார்த்தான். அவன் முகத்தில் ஒரு நம்பிக்கை எழுந்து நின்றது. 'கப்பல் அனுப்பப் பார்த்தேன், தடுத்துட்டாங்க' என்று அவள் சொல்வதற்காக அந்த முகம் காத்திருந்தது. சொன்னால் மூன்று பேருக்கும் நிம்மதி. குலசேகரன் செத்து இரண்டு வருடம் ஆகிறது. மறுத்துச் சொல்ல ஆளில்லை. ஜெனோவா வாயைத் திறந்தாள். அந்த வார்த்தைகள் நாக்கு நுனி வரை வந்தும்விட்டன.

எதிரே நின்ற பெண்ணின் முகத்தைப் பார்த்தாள். நாடு, மகன், தளபதி எல்லாம் போன பிறகும் ஒரே ஒரு பொய் உறுத்தி, கடல் தாண்டி வந்திருக்கிறவள்.

"பொய்தான்," என்றாள் ஜெனோவா. "எனக்கு நல்லாக் கேட்டுச்சு. புரிஞ்சுது. யாரும் தடுக்கல."

தேவானை அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

ததேயு தட்டை மேஜைமேல் வைத்தான். ஜெனோவாவின் பக்கத்தில் எப்போதும் அவன் உட்காரும் நாற்காலி காலியாக இருந்தது. அதைத் தாண்டிப் போய், தேவானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"முழுசாச் சொல்லு," என்றான் ஜெனோவாவிடம்.